அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

எங்கள் அலுவலகத்தில் இருந்ததே இரண்டு பேர். இரண்டு பேருமே விமானத்தில் ஏறாதவர்கள். எனக்கு ஏறவே ஆசை கிடையாது. மாடிப்படியில் நின்று கீழே பார்த்தாலே தலை சுற்றும். பாஸ்போர்ட் அண்ணன் கதை வேறு. இருபத்திரண்டு வருடம் கல்லூரிப் பிள்ளைகளை உலகத்தின் நாலு மூலைக்கும் அனுப்பிவைத்த மனிதர், தனக்கென்று ஒரு பாஸ்போர்ட் எடுத்ததில்லை. கேட்டால், "பரிமாறுறவனே உட்கார்ந்துட்டா மத்தவங்களுக்கு யாரு போடுறது?" என்பார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் பாஸ்போர்ட் அண்ணன். கல்லூரி முதல்வர்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

வெளிநாட்டுப் படிப்புப் பிரிவு என்று வாசலில் பெரிதாகப் பலகை தொங்கும். பேர் பெத்த பேர், உள்ளே வந்தால் நூலக மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு மேசை, ஓர் இரும்பு அலமாரி, கதவைத் திறந்தால் அலமாரியில் இடிக்கும். ஒரு பருவம் வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு விண்ணப்பம், விசா, காப்பீடு, டிக்கெட் எல்லாம் அவர் வேலை. கடிதம் அடிப்பது, முத்திரை குத்துவது, கிழித்துப் போட்ட காகிதத்தைத் தேடி எடுப்பது என் வேலை. மேசைகள் எதிரெதிரே. பத்தொன்பது வருடம் அவர் முகத்தைப் பார்த்த அளவுக்கு என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு அதில் வருத்தமும் இல்லை.

திரும்பி வருகிற பிள்ளையிடம் படிப்பு எப்படி என்று அண்ணன் கேட்க மாட்டார். "இறங்கினதும் எந்தப் பக்கம் திரும்புன?" இதுதான் முதல் கேள்வி. பிள்ளை சொல்லச் சொல்ல ஒரு நீள நோட்டில் படம் போடுவார். எந்த விமான நிலையத்தில் எந்தத் தூணுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய், எந்த வாசலில் ரயிலுக்குப் படி இறங்குகிறது, எந்தச் சன்னலில் இருக்கும் அதிகாரி சிடுசிடுப்பார், எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. அடுத்த வருடம் போகிற பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்ததும், "அண்ணா, நீங்க சொன்ன தூண் அங்கயே இருக்கு!" என்று செய்தி வரும். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவாது.

"கிணத்துத் தவளைக்குக் கடல் மேப் மனப்பாடம்" என்று நான் சீண்டுவேன்.

"தவளை கிணத்துல இருக்கிறதாலதாம்மா மேப் நனையாம இருக்கு" என்பார். அவரை வாயால் வெல்ல முடியாது.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: பெயர், உறவு, எண். அவர் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், விடுமுறையில் ஊர் சுற்றப் போன ஒரு பையனுக்கு அங்கே கணுக்கால் பிசகியது. அந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போன் போயிற்று. ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மாக்காரி மாடியிலிருந்து ஓடி இறங்கி, படியில் விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். பையன் பத்தாம் நாள் பந்து விளையாடினான். அம்மா இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள்.

அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் அண்ணன் தன் எண்ணையே எழுத ஆரம்பித்தார். உறவு என்ற இடத்தில் 'அண்ணன்' என்று போடுவார். இத்தனை தம்பி தங்கை உள்ள மனிதன் உலகத்திலேயே இருக்க முடியாது.

"செய்தி முதல்ல எங்கிட்ட வரட்டும். நான் வடிகட்டிக் குடுக்கிறேன். பெத்தவங்களுக்குத் தூங்குற வரம் வேணாமா?" என்றார்.

வடிகட்டினார்தான். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவன், காய்ச்சலில் படுத்தவள், விடுமுறைப் பயணத்தில் தப்பான ரயில் ஏறித் தூங்கிப்போய் வேறு நாட்டில் கண் விழித்தவன், பனியில் ரயில் நின்று இரண்டு நாள் பெஞ்சில் படுத்திருந்த நாலு பேர். எல்லாவற்றையும் இந்த மாடிப்படி அறையிலிருந்தே போனில் சரிசெய்தார். வீடுகளுக்கு ஒன்றும் தெரியாது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று போனை வைப்பார். நான் டீ வாங்கிவரச் சொல்வேன். பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன். இருந்தது என்றால், பிறகு வந்ததிலும் எனக்குப் பங்கு உண்டு.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. இரண்டாம் வருடப் படிப்பு, நாலடி பத்து அங்குலம், வாய் மட்டும் ஆறடி. அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். எங்கள் கல்லூரி வாசல்தான் அந்த பஸ்ஸுக்குக் கடைசி நிறுத்தம். வந்து எட்டு நிமிடம் நின்று திரும்பும். நாங்கள் எல்லோரும் அதில்தான் வேலைக்கு வருவோம். டிரைவரம்மா பிரேக் போட்டால் கையில் இருக்கும் டீ தளும்பாது.

விண்ணப்பம் எழுத வந்த அன்று, வாலு தானே அந்தக் கட்டத்தைக் காட்டினாள்.

"இதுல உங்க நம்பரையே போடுங்கண்ணா. அம்மா காலையில அஞ்சரைக்குப் போனை டிப்போ பெட்டியில வச்சுப் பூட்டிட்டா, மூணரைக்குத்தான் எடுப்பாங்க. டியூட்டியில போன் வச்சிருந்தா சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"அப்ப உங்கம்மாவுக்கு ஏதாவது சொல்லணும்னா?"

"நீங்கதான் இருக்கீங்களே. பஸ் உங்க வாசல்லதானே வந்து நிக்குது."

அப்படித்தான் ஆயிற்று. போன இடத்தில் வாலு எந்த பஸ்ஸில் ஏறினாலும், இறங்கும்போது டிரைவர் சீட்டைப் படம் எடுப்பாள். ஆள் இல்லை, சீட்டும் ஸ்டியரிங்கும் மட்டும். எடுத்து அண்ணன் போனுக்கு அனுப்புவாள்: 'அம்மாகிட்ட காட்டுங்க.' பதினோரு மணிக்கு பஸ் வாசலில் வந்து நிற்கும்போது அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். டிரைவரம்மா சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பாள்.

"அய்யோ, இதென்னண்ணா, சோபா போட்டு வச்சிருக்கானுங்க! நான் உட்கார்ந்தா தூங்கிருவேன்."

இன்னொரு நாள், "இவ்வளவு பெரிய கண்ணாடி எனக்கு இருந்தா, பின்னாடி டிக்கெட் எடுக்காம நிக்கிறவன் மூஞ்சியெல்லாம் தெரிஞ்சிரும்" என்றாள். கண்டக்டருக்குக் கோபம் வந்தது. பஸ்ஸே சிரித்தது. மூன்று மாதத்தில் இருபத்தாறு சீட்டுகள் பார்த்தோம்.

பருவத்தின் நடுவே அங்கே பத்து நாள் விடுமுறை. வாலுவும் மூன்று தோழிகளும் மலை ஏரி ஒன்றைப் பார்க்கச் சின்ன வேனில் கிளம்பினார்கள்.

அன்று காலை பத்தரை தாண்டி அண்ணன் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். அவர் எழுந்து நின்றார். போனில் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே என் கையிலிருந்த முத்திரையை மேசை மேல் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது, மை காயாத காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டேன். பேசி முடித்து அவர் சொன்னது இது: மலைப்பாதையில் வேன் உருண்டுவிட்டது. மற்ற மூவருக்கும் சிராய்ப்புதான். வாலுவுக்கு வயிற்றுக்குள் அடி. ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். செய்தால் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள்.

"பாப்பாகிட்டயும் குடுத்தாங்கம்மா. பேசிச்சு. அதோட போன் நொறுங்கிருச்சாம். அம்மாகிட்ட பேசணுங்குது."

"குடுத்திர வேண்டியதுதானே? பஸ் வர்ற நேரம்தான்."

"குடுத்தா?" என்றார். "அறுபது பேரை ஏத்திக்கிட்டு அந்தம்மா வண்டி எடுக்கணும். பாலம் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. கை நடுங்குச்சுன்னா? ஆபரேஷன் முடிஞ்சு அதுவே சிரிச்சுக்கிட்டுப் பேசும். மூணரைக்கு டிப்போ வாசல்ல நிப்போம்."

அதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. இத்தனை வருடம் அவர் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை.

ஆனாலும் பதினோரு மணிக்கு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போனார். அவர் நடையைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். டிரைவரம்மா ஏற்கெனவே சன்னலில் தலையை நீட்டியிருந்தாள்.

"இன்னைக்கு எந்த ஊரு சீட்டுண்ணா?"

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "மலைக்குப் போயிருக்கும்மா. அங்க சிக்னல் இல்ல" என்றார்.

"அதானே பார்த்தேன். நேத்துலேர்ந்து ஒண்ணும் வரலியே."

எட்டு நிமிடமும் அங்கேயே நின்றார். பஸ் கிளம்பும்போது சட்டென்று ஏறிவிட்டார். நானும் ஏறினேன். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தோம். சொல்லத்தான் ஏறினார், அது எனக்குத் தெரியும். இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் உட்கார்ந்தார். பள்ளிக்கூட நிறுத்தத்தில் சின்னப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.

பஸ் பாலத்தின் மேல் ஏறியது. அண்ணன் சட்டைப்பையில் போன் அடித்தது.

அதே எண். எட்டிப் பார்த்த எனக்கும் தெரிந்தது. ஆபரேஷன் அறைக்குள் போகுமுன் அவள் மறுபடியும் கேட்டிருக்கிறாள், வேறு என்ன. அண்ணன் போனை முன்பக்கம் நீட்டுவதற்குக் கையைத் தூக்கினார். நீட்டினால் டிரைவரம்மாவின் காது. ஒரு முழம் தூரம்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பாலம்ணா" என்றேன். "இப்ப வேணாம்."

கண்ணாடியில் டிரைவரம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "எடுங்கண்ணா, அடிச்சுக்கிட்டே இருக்கே."

"தெரியாத நம்பர்" என்றார் அண்ணன். விரலால் அமுக்கி அணைத்தார்.

அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து ஒரே ஓர் அழைப்பு வந்தது. மதியம் ஒன்றே முக்காலுக்கு.

மூன்றரைக்கு டிப்போவில் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் அவர்தான் சொன்னார். முதல்வரும் கூட வந்திருந்தார். டிரைவரம்மா கத்தவில்லை. மற்ற டிரைவர்கள் தேநீர்க் குவளையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

"உங்களுக்கு எப்பண்ணா தெரியும்?"

"காலையில."

"நான் கேட்டேனே. எந்த ஊரு சீட்டுன்னு கேட்டேனே."

"வண்டியில இருந்தீங்கம்மா. அறுபது பேரு…"

"வண்டியை நிறுத்துறதுதானே என் வேலை?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு நாளைக்கு நூறு தடவை நிறுத்துறேன். எவனெவனோ கையைக் காட்டினா நிறுத்துறேன். நிறுத்துங்கம்மான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"பேசுற நிலையில இருந்தாளா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. நினைவே இல்ல. வலி தெரியாமயே போயிருச்சு" என்றார்.

அதுதான் அவர் வடிகட்டிய கடைசிச் செய்தி. நானும் தலையை ஆட்டினேன். இரக்கத்தில் ஆட்டினேன் என்று கொஞ்ச காலம் என்னிடமே சொல்லிக்கொண்டேன். பயத்தில் ஆட்டினேன்.

ஒரு மாதம் கழித்து டிரைவரம்மா வேலைக்குத் திரும்பினாள். அண்ணன் அந்த பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஐந்து கிலோமீட்டர், நடந்தே வருவார். மழையில் நனைந்து வந்து மின்விசிறிக்குக் கீழே சட்டையை உதறுவார். "மூட்டு தேஞ்சிரும்ணா" என்றால், "தேயட்டும்" என்பார். பதினோரு மணிக்கு வாசலில் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்து அலமாரிப் பக்கம் போய் எதையோ தேடுவார். அலமாரியில் தேட ஒன்றும் இருக்காது. எட்டு நிமிடம் தேடுவார்.

நோட்டை மூடிவிட்டார். திரும்பி வருகிற பிள்ளையிடம் எந்தப் பக்கம் திரும்பினாய் என்று கேட்பதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் மட்டும் பேயாய் நின்றார். பிள்ளை தன் கையாலேயே அம்மா எண்ணையோ அப்பா எண்ணையோ எழுத வேண்டும். எழுதினால் போதாது, அவர் முன்னால் அந்த எண்ணுக்கு அடிக்க வேண்டும். வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாத ஆள் என்றால், அவர்களுடைய மேலாளர் எண், பக்கத்து இருக்கை எண், காவலாளி எண்.

"அம்மா பயப்படுவாங்கண்ணா, உங்க நம்பரையே போடுங்க" என்று ஒருத்தி கெஞ்சினாள். பழைய மாணவர்கள் யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"பயப்படட்டும்" என்று அண்ணன் கத்தினார். "பயப்படுறது அவங்க உரிமை. அதை எடுத்துக்க நான் யாரு?"

அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போனாள். புதுப் பிள்ளைகள் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் மாற்றினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. போய் அந்தப் பிள்ளைகளை நாலு கேள்வி கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டு என்ன சொல்வது?

நாங்கள் இருவரும் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. நான் மட்டும் அதே பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன், கடைசி வரிசையில். டிரைவரம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். அந்தத் தலையசைப்பை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்று ஒவ்வொரு நாளும் தெரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருடம் ஓடியது. அண்ணன் ஓய்வு பெறும் நாள் வந்தது. காலையில் என் நிறுத்தத்தில் பஸ் ஏறினால், முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், அதே இடம். மடியில் அந்த நீள நோட்டு. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை.

பாலம் வந்தது. ஏறி, இறங்கினோம். இறங்கியதும் அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்கம்மா" என்றார்.

அது நிறுத்தமே இல்லை. டிரைவரம்மா கண்ணாடியில் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஓரம் கட்டி, பிரேக்கை இழுத்து, இஞ்சினை அணைத்தாள். "என்னங்க இது, நட்ட நடு ரோட்டுல?" என்று பின்னால் யாரோ கேட்டார். கண்டக்டர் கையைக் காட்டி அவரை அடக்கினார்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றார் அண்ணன். "பாப்பாவுக்கு நினைவு இருந்துச்சு. எங்கிட்ட பேசிச்சு. உங்ககிட்ட போனைக் குடுக்கச் சொல்லிச்சு. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்க. இந்தப் பாலத்து மேலதான். எடுங்கண்ணான்னு நீங்ககூடச் சொன்னீங்க. நான்தான் அணைச்சேன்."

என் கையைப் பற்றி அவர் சொல்லவில்லை. கடைசியிலும் எனக்காக வடிகட்டினார். அதைத் தாங்க முடியாமல் நானும் எழுந்தேன்.

"அவர் குடுக்கத்தான் வந்தாரு. நான்தான் கையைப் பிடிச்சு வேணாம்னேன்."

டிரைவரம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அண்ணன் அவள் சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"எப்பவும் போலத்தாம்மா. கொஞ்சம் மெதுவா. 'அங்க மணி என்னண்ணா'ன்னு கேட்டுச்சு. பத்தே முக்கால்னு சொன்னேன். 'அப்ப அம்மா பாலத்தைத் தாண்டி வந்துட்டிருப்பாங்க, கால் மணியில உங்க வாசல்ல நிப்பாங்க'ன்னு சொல்லிச்சு."

இதை அவர் என்னிடமும் சொன்னதில்லை.

டிரைவரம்மா குனிந்து நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தாள். அவள் முதுகு குலுங்கியது. அண்ணன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தார், உட்காரவில்லை.

பிறகு அவள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "உட்காருங்க, வண்டி எடுக்கணும்" என்றாள். நாங்கள் உட்கார்ந்தோம். அன்று காலை பதினேழாம் நம்பர் பஸ் கல்லூரி வாசலுக்குப் பதினொரு நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தது.